பற்றுக்கு இங்கே பஞ்சமில்லை

"மலை ஜனங்களுக்குக் காட்டால நாலு காசு வரணும். அப்பத்தான் காட்டைக் காப்பாத்துவாங்க."

கொடைக்கானலில் இயற்கைப் பாதுகாப்பு பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். அதிகாரி சொல்வார், தொண்டு நிறுவனத்தார் சொல்வார், பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் அதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வார். மறுத்துப் பேசுகிறவரும் பெரும்பாலும் இதன் மறுபக்கத்தைத்தான் எடுத்துவைப்பார்: "காசு மட்டும் போதாது, விழிப்புணர்வு கொடுக்கணும்." இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது. மலையில் வாழ்பவனுக்குக் காட்டின் மேல் தானாக அக்கறை வராது, வெளியிலிருந்து யாராவது அதை ஊட்ட வேண்டும் என்ற நம்பிக்கை. வயிறு நிறைந்தவனுக்கு இயற்கையின் மேல் அன்பு தானே பிறக்குமாம். மற்றவனுக்கு விலை காட்ட வேண்டுமாம், இல்லையென்றால் பாடம் நடத்த வேண்டுமாம்.

இது தவறு என்று நினைக்கிறேன். வெறும் தவறுகூட இல்லை, கெடுதல் செய்கிற தவறு. பழனிமலையின் கடந்த நூறாண்டே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. யாருக்கு அக்கறை இல்லாததால் இந்த மலை கெட்டது என்று இடம் இடமாகப் போய்ப் பாருங்கள். ஏழை மலைவாசிதான் கெடுத்திருப்பான் என்று எண்ணிப் போகிறவர்கள் அங்கே வேறு ஆட்களின் கால்தடத்தைத்தான் காண்பார்கள்.

புல்வெளியிலிருந்து தொடங்குகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து வரும் பழனிமலையின் மேல்தளம் ஒரு காலத்தில் பெரும்பாலும் புல். மலைமடிப்புகளில் மட்டும் சோலை. பெய்த மழையைப் புல் வாங்கிச் சதுப்பில் இறக்கும், சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும், கோடையிலும் தண்ணீர் ஓடும். குறிஞ்சி பூப்பது இந்தப் புல்லில். வரையாடு மேய்வதும் இந்தப் புல்லில்தான். செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் வைத்து 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 40 ஆண்டுகளில் பழனிமலை தன் இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காட்டை இழந்திருக்கிறது. சோலைக்காட்டில் 31 விழுக்காடு போயிருக்கிறது. மலையின் மேல்தளத்தில் எங்கும் பரவிக் கிடந்த ஒன்று, இன்று தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய அரிய துண்டுகளாகிவிட்டது. போன புல்வெளியில் பெரும்பங்கு மரத்தோட்டங்களாக மாறியது. விவசாயம் எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த பங்குதான்.

அந்த மரங்களை நட்டது யார்? 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டிய பிறகு, விறகுக்காகவும் வேடிக்கைக்காகவும் வெளிநாட்டு மரங்கள் வரத் தொடங்கின. 1906-இல் வன அதிகாரி பிரையண்ட் பைன் நட்டார். ஆனால் அவையெல்லாம் சிறு திட்டுகள். மலையின் நிறத்தையே மாற்றிய நடவு சுதந்திரத்துக்குப் பிறகு, ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், அரசாங்கத்தின் கையால் நடந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை போதாது, சீகை (வாட்டில்) மரப்பட்டையின் துவர்ப்பொருளை இறக்குமதி செய்து மாளாது, ஆகவே நம் மலையிலேயே சீகை வளர்ப்போம் என்பது அன்றைய கணக்கு. கீழே திண்டுக்கல்லிலேயே தோல் தொழிற்சாலைகள் இருந்தன. செயற்கை இழை ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று தைலமரமும் ஏறியது. மரம் இல்லாத இடமெல்லாம் கோப்பில் பயனற்ற நிலம்.

இதைச் செய்தவர்கள் பசியால் செய்யவில்லை, அறியாமையாலும் செய்யவில்லை. வனவியல் படித்தவர்கள், மாதச் சம்பளம் வாங்கியவர்கள், பலர் காட்டை நேசித்தவர்களும்கூட. அவர்கள் கையில் ஓர் எண் இருந்தது: ஹெக்டேருக்கு எத்தனை டன். "காட்டுக்கு விலை காட்டு, காடு பிழைக்கும்" என்ற கொள்கையை இந்த மலை ஏற்கெனவே ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்த்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். பட்டைக்கு விலை இருந்தது, சீகை வளர்ந்தது. புல்லுக்கு விலை இல்லை, புல் போனது. பிறகு தோல் பதனிடக் குரோமியம் வந்தது, பட்டையின் மதிப்பும் சரிந்தது. மரம் மட்டும் நின்றது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். யாரும் நடாமலேயே சீகை இன்று மிஞ்சிய புல்வெளிக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறது. விலை என்பது ஒரு பொருளுக்கு ஒரு காலத்தில் சந்தை வைக்கும் எண். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த ஒரு நிலத்தை அந்த எண்ணின் பொறுப்பில் விடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

எதிர்த்தரப்பின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒளிக்க மாட்டேன். விவசாயியும் புல்வெளியை உழுதிருக்கிறான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்களின் படிக்கட்டு வயல்களில் உருளையும் கேரட்டும் பூண்டும் விளைகின்றன, பூச்சிமருந்தும் இறைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். விலை ஏறினால் இன்னும் இரண்டு படி மேலே உழச் சொல்லும் ஆசையும் கூடவே ஏறும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கவனியுங்கள்: இங்கேயும் உழச் சொல்வது அதே விலைதான். கெடுதலுக்குக் காரணமாக நீங்கள் காட்டுவதையே மருந்தாகவும் கொடுக்கிறீர்கள்.

பெருமாள்மலைக்கு மேலே ஒரு வளைவில் சீகை விறகுக் கட்டை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் முன்பு ஒருமுறை பேசினேன். சோலைக்குள் இறங்கி வெட்டமாட்டீர்களா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "சோலையை வெட்டிட்டா தண்ணிக்கு எங்கிட்டுப் போறது தம்பி? சீகை பக்கத்துலயே கெடக்குதுல்ல." அவ்வளவுதான். இந்தப் பதிலை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்? பயன் கருதியதா, அன்பு கருதியதா? தண்ணீர் அவருக்குத் தேவை, சீகை கைக்கு எட்டுகிறது, சோலையின் மேல் ஒரு மரியாதையும் இருக்கிறது. மூன்றும் ஒரே மூச்சில் வருகிறது. தூய அன்பு ஒரு பக்கம், சுயநலம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்து, ஏழையிடம் இரண்டாவது மட்டும்தான் உண்டு என்று சொல்வது வசதியாக வாழ்கிறவர்களின் பகுப்பு. வாழும் இடத்தோடு வாழ்க்கை பின்னிக்கிடக்கிறவர்களிடம் அந்தக் கோடு கிடையாது.

வேடந்தாங்கலை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது, அதனால்தான் ஊரார் பறவையைக் காத்தார்கள், பார்த்தீர்களா ஆதாயத்தை என்பார்கள். அந்த வரலாற்றை இன்னும் சற்று உற்றுப் பார்க்கலாம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் என்ன செய்தார்கள்? 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அவர்கள் பணம் கேட்கவில்லை, பயிற்சி கேட்கவில்லை. காக்கும் மனம் ஏற்கெனவே இருந்தது. அந்த மனத்துக்குப் பின்னால் நிற்கிற அதிகாரம்தான் இல்லாமல் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊரார் புரிந்துகொண்டதை நம் திட்ட அறிக்கைகள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

உரம் கிடைத்ததால்தானே என்று இன்னும் கேட்பவர்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு வரட்டும். கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்பதால். அங்கே சரணாலயம் அறிவித்ததே 1977-இல்தான். வனத்துறை இப்போது தீபாவளிக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது, நல்ல மரியாதை. அந்த இனிப்புக்காகத்தான் பிள்ளைகள் வெடி வெடிக்கவில்லை என்று யாராவது எழுதினால் அந்த ஊரை அவமதித்தவர் ஆவார். பழனிமலையின் தாண்டிக்குடிப் பக்கம் சாமிக்கு விட்ட சோலைகள் இன்றும் நிற்கின்றன. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள், நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் அந்தச் சோலையில் கிளை ஒடிக்கவும் தயங்குகிறார்கள். எந்தத் திட்டத்தின் கீழும் அவர்களுக்கு யாரும் ஊக்கத்தொகை கொடுக்கவில்லை.

இருக்கிற மனத்தைப் பணம் கெடுக்கவும் கெடுக்கும். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனை உலகப் புகழ்பெற்றது, 2000-இல் வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை "டீச்சரைக் காக்க வைக்கிறோமே" என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு கட்டணமாகிவிட்டது. கட்டினால் கூச்சம் தீர்ந்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை. கொடைக்கானலில் 2024-இல், 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 20 ரூபாய் பசுமை வரி கொண்டுவந்தார்கள். ஒரு நாள் வந்து போகிற பயணியிடம் அது வேலை செய்யலாம், நான் எதிர்க்கவில்லை. அதே தர்க்கத்தை இந்த மண்ணில் பிறந்தவர்களிடம் நீட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கடமை என்று செய்வதைக் கூலி வேலையாக்கிவிட்டு, நிதி ஒதுக்கீடு நின்ற ஆண்டில் "மக்களுக்கு அக்கறை போய்விட்டது" என்று அறிக்கை எழுதுவது பெரிய அநியாயம்.

இனி பாதரசம். இந்த மலையில் மக்களின் நோக்கம் என்ன என்று கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

1983-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பெயர்த்து எடுக்கப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. மலைவிளிம்பில், பாம்பார் சோலைக்கு மேலே அந்த ஆலை நின்றது. அந்தச் சோலை வழியே ஓடும் பாம்பாறு இறங்கிப் போய்த்தான் பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. உலகில் வேறெங்கும் காண அரிதான செடிகள் உள்ள ஒரு சோலையின் தலைமாட்டில் பாதரச ஆலையை அமர்த்தும் முடிவை எடுத்தவர்கள் படிப்பில்லாதவர்களா, பட்டினி கிடந்தவர்களா?

உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. சீசன் முடிந்தால் வருமானம் இல்லாத ஊரில் மாதச் சம்பளம் பெரிய விஷயம். நம் ஊக்கத்தொகைக் கொள்கைப்படி இவர்கள் வாயைத் திறந்திருக்கவே கூடாது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் 7.4 டன் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி கிடப்பது வெளியே வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர்மக்களும் தெருவில் இறங்கினார்கள். அவர்களோடு தொழிலாளர்களும் நின்றார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தங்கள் உடம்பில் ஏறிய நஞ்சுக்காகத் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டு போராடினார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

"அது இழப்பீட்டுப் போராட்டம், சுற்றுச்சூழல் போராட்டம் இல்லை" என்று சொன்னவர்கள் உண்டு. பணம் கிடைத்ததும் ஓய்ந்துவிடும் என்றார்கள். ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவிடலாம் என்ற தூய்மை அளவை ஏற்க முடியாது, இன்னும் கீழே போக வேண்டும் என்ற குரல் உடன்பாட்டுக்குப் பிறகும் கொடைக்கானலிலிருந்து எழுந்தது. மண்ணைச் சுத்தம் செய்தால் யாருக்கு என்ன லாபம்? யார் வங்கிக் கணக்கிலும் ஒரு ரூபாய் ஏறாது. தன் சிறுநீரகமும் தன் மகளின் எதிர்காலமும் பாம்பார் ஓடையின் வண்டலும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்று கண்டுகொண்ட மனிதர்கள் அவர்கள். விழிப்புணர்வு வேண்டும் என்றால் அவர்களிடம் போய் நாம் வாங்கிவர வேண்டும்.

ஊரின் படித்த நடுத்தர வர்க்கத்தையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, விதிமீறி எழுந்த ஒரு ஏழுமாடி ஓட்டலை எதிர்த்து நீதிமன்றம் போனது. விதிவிலக்குத் தந்த அரசாணை செல்லாது, கூடுதல் மாடிகளை இடிக்க வேண்டும் என்று 1995-இல் தீர்ப்பு வந்தது, உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. வட்டக்கானலில் நாற்றங்கால் போட்டுச் சோலை மரக்கன்றுகளை வளர்த்தவர்கள், பழைய மரத்தோட்டங்களின் நிழலில் சோலை தானாகவே முளைத்து வருவதைக் கவனித்துச் சொன்னார்கள். எல்லாத் தரப்பிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் எதிர்கொண்டது ஒரே சுவரைத்தான்: முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் யாருக்கும் நாற்காலி கிடையாது. விதிவிலக்குத் தந்த கையெழுத்து சென்னையில் விழுந்தது.

விழிப்புணர்வு வாதத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் கொடைக்கானலுக்கு இயற்கையைப் பார்க்க வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இயற்கை என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்வது பைன் காட்டில். ஊசியிலை மெத்தைபோல் படிந்து, புல் முளைக்காத, பறவைக்குரல் அரிதான தோட்டம் அது. பக்கத்தில் எஞ்சியிருக்கும் புல்வெளியை "மொட்டை மலை" என்று சொல்லிக் கடக்கிறார்கள். அன்பு இருக்கிறது, பார்வை இல்லை. பாடம் அவர்களுக்குத் தேவை, நடத்துங்கள். ஆனால் பேனரைக் கட்டிக்கொண்டு பளியர் பழங்குடிக் குடியிருப்புக்குப் போய் "காட்டைக் காப்போம்" என்று முகாம் போடுவதை நிறுத்துங்கள். எந்தப் பாறையில் தேன் கட்டும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும், கடுக்காய் எப்போது உதிரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். கோடையில் காட்டுத்தீ வந்தால் இலைக்கொத்தோடு முதலில் ஏறுவதும் அவர்களும் அவர்களைப் போன்ற தற்காலிகக் காவலர்களும்தான்.

அந்தப் பளியருக்கு நாம் என்ன கொடுத்தோம்? வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. நிலத்துக்கான தனி உரிமை மட்டுமில்லாமல், காலங்காலமாகப் பயன்படுத்திவரும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிற சட்டம். தமிழ்நாட்டில் 2008-இல் உயர்நீதிமன்றத்தின் ஓர் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. அந்தத் தடை நீங்க 2016 ஆனது. இடையில் 2013-இல் 608.95 சதுர கிலோமீட்டரில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தை நான் எதிர்க்கவில்லை. வரையாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும் இடம் வேண்டும். ஆனால் வரிசையைப் பாருங்கள். காட்டுக்கு எல்லைக்கோடு வேகமாக வருகிறது, காட்டில் வாழ்பவனின் உரிமை நீதிமன்ற வாசலில் எட்டு ஆண்டு நிற்கிறது. அதன்பிறகு அவனுக்கு ஊக்கம் போதவில்லை என்று கருத்தரங்கு நடத்துகிறோம்.

பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதியதை உலகமே நம்பியது. எலினர் ஆஸ்ட்ரம் ஊர் ஊராக உள்ள மேய்ச்சல் நிலங்களையும் பாசன வாய்க்கால்களையும் மீன்பிடி நீர்நிலைகளையும் ஆராய்ந்து 1990-இல் வேறொன்றைக் காட்டினார். பயன்படுத்துபவர்களே விதி வகுத்து, அவர்களே கண்காணித்து, அந்த விதியை மேலிருப்பவர்கள் மதிக்கிற இடங்களில் பொதுச்சொத்து நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது. 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ஏரிகளின் நீராணிக்கமும் குடிமராமத்தும் அறிந்த தமிழனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

எல்லோருடைய மதிப்பும் ஒன்றாக இருக்காது என்பது உண்மை. மாடு மேய்ப்பவருக்குப் புல் வேண்டும், விறகு எடுப்பவருக்குச் சீகை வேண்டும், பூண்டு போடுபவருக்குத் தண்ணீர் வேண்டும், வனத்துறைக்கு மரம் வேண்டும், ஓட்டல்காரருக்குப் பனிமூட்டத்தில் தெரியும் காட்சி வேண்டும். அயல்மரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையை மாநில அரசு வகுத்துவிட்டது. ஆனால் எந்தச் சரிவில் சீகையை எடுப்பது, எங்கே அதன் நிழலில் சோலை வரட்டும் என்று விடுவது, எங்கே புல்லுக்கே இடம் விடுவது, வெட்டிய பிறகு முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் யார் பிடுங்குவது என்பதையெல்லாம் ஓர் அரசாணை தீர்த்துவிடாது. மீட்பு என்றாலே மரம் நடுவது என்று மறுபடியும் புல்வெளியை மறந்துவிடும் அபாயம் கண்முன் நிற்கிறது. இந்த மோதல்களைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். அங்கே எடுக்கும் முடிவு செல்லுபடியாக வேண்டும்.

சட்டம் அந்த இடத்தை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள கிராம சபைகளுக்கும் பளியர் குடியிருப்புகளுக்கும் சமூக வன வள உரிமையைப் பட்டாவாக எழுதிக் கொடுங்கள். மரத்தை அகற்றும் திட்டம் எதுவானாலும் அந்தச் சபையில் வைத்து ஒப்புதல் வாங்கிய பிறகு தொடங்குங்கள். 2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். புல் இருக்கும் இடத்தில்தான் அது பூக்கும்.